ஒரே நிறம், ஒரே நிலையா?

“படம் எடுக்கிறார்களாம், என்ன உடுத்திக்கொண்டு போவது?”

கேட்பதற்கு மிகச் சிறிய கேள்வி. கண்ணாடியின் முன் கால்மணி நேரம் நின்றால் தீர்ந்துபோகிற கேள்வி. நாட்டிலே வேலையில்லாத் திண்டாட்டம் இருக்கிறது, சாதிக் கொடுமை இருக்கிறது, சோற்றுக்கு அலைவோர் இருக்கிறார்கள். இவ்வளவையும் விட்டுவிட்டுச் சட்டையின் நிறத்தைப் பற்றியா எழுதுவது என்று தோழர்கள் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். நெரிக்கட்டும்! சிறிய கேள்வியின் மடியிலே பெரிய கேள்வி ஒளிந்துகொண்டிருப்பது உண்டு. மடியை அவிழ்த்துப் பார்த்தால்தானே உள்ளே இருப்பது தெரியும்?

இன்றைய நிறுவனங்களில் குழுப்படம் எடுப்பது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ஆண்டு விழாவென்றால் படம். புதிய கிளை திறந்தால் படம். இணையப் பக்கத்திற்கு ஒரு படம். வரவேற்பறைச் சுவருக்கு ஒரு படம். மென்பொருள் நிறுவனமாயினும் சரி, துணிக்கடையாயினும் சரி, வங்கியாயினும் சரி, நம்மைப் போன்ற ஆசிரியர்கள் பணியாற்றும் பள்ளிக்கூடமாயினும் சரி, முதல்நாள் ஒரு சுற்றறிக்கை வரும். “நாளை காலை பத்து மணிக்குக் குழுப்படம். ஆடவர் வெளிர்நீலச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. பெண்டிர் நீலச் சேலை. தவறாது வருக.” மூன்று நான்கு வரி, முடிந்தது வேலை!

அந்த வரிகள் எல்லோர் வீட்டுக்கும் ஒன்றுபோலப் போய்ச் சேருவதில்லை. மேலாளர் வீட்டு அலமாரியிலே நீலச் சட்டை ஐந்தாறு தொங்குகிறது. எதை எடுப்பது என்பதே அவருடைய கவலை. சேர்ந்து மூன்று மாதமேயான இளைஞனோ, சம்பளத்தில் ஊருக்கு அனுப்பியது போக, விடுதிக்குக் கட்டியது போக, மாதக் கடைசியில் எஞ்சியிருக்கும் நோட்டுகளை எண்ணிப் பார்க்கிறான். மேலாளருக்கு நீலம் ஒரு நிறம். இளைஞனுக்கு நீலம் ஒரு செலவு. உத்தரவு ஒன்றுதான், ஒருவருக்கு அது தேர்வு, இன்னொருவருக்கு அது தண்டம்.

ஆகவே, ‘எந்த நிறம் எடுப்பாக இருக்கும்?’ என்ற கேள்வியோடு நாம் நின்றுவிடக்கூடாது. ‘அந்த ஒரே நிறத்துக்கு விலை கொடுப்பவர் யார்?’ என்று கேட்டாக வேண்டும்.

“ஆடைதானே, அதில் என்ன இருக்கிறது?” என்று அலட்சியமாகப் பேசுவோர் இந்த மண்ணின் வரலாற்றை அறியாதவர்கள். இந்நாட்டில் ஆடை வெறும் ஆடையாக இருந்ததில்லை. சட்டமாக இருந்தது, சாட்டையாக இருந்தது. இன்று குமரி மாவட்டம் என்று நாம் அழைக்கும் பகுதி திருவிதாங்கூர் மன்னராட்சியின் கீழ் இருந்த காலத்தில், நாடார் குலப் பெண்கள் தோளை மறைத்துச் சீலை அணிவது குற்றமாகக் கருதப்பட்டது. துணிந்து அணிந்த பெண்கள் தாக்கப்பட்டனர். அவர்களுடைய ஆடைகள் கிழிக்கப்பட்டன. பல பத்தாண்டுகள் நீடித்த போராட்டத்திற்குப் பிறகு, 1859ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அரசாணை பிறந்தது. மேலாடை அணியலாம் என்றது ஆணை. ஆனால், மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் மட்டும் அணியக்கூடாது என்றும் சொன்னது!

தோழர்களே, அந்த ‘ஆனால்’ என்ற சொல்லைச் சற்றே உற்று நோக்குங்கள். உடம்பை மூட இடம் கொடுத்தார்கள். ஒப்பாக நிற்க இடம் கொடுக்கவில்லை. ஆடை, குளிருக்கும் வெயிலுக்கும் போர்த்திக்கொள்ளும் துணி மட்டுமாக இருந்திருந்தால், அந்த ‘ஆனால்’ எதற்கு? யாருக்கு யார் சமம், யாருக்கு யார் தாழ்வு என்று ஊருக்கு அறிவிக்கும் முரசாக அது இருந்தது. அதனால்தான் அதைக் காவல் காத்தார்கள்.

பின்னர் வந்த இரு பெரும் தலைவர்கள் ஆடை பற்றிய கேள்விக்கு இருவேறு விடை தந்தனர். 1921ஆம் ஆண்டு செப்டம்பரில், மதுரையில், காந்தியார் மேலாடையைத் துறந்து முழங்காலளவு உடைக்கு மாறினார்; ஏழையின் இடுப்பில் எது இருக்கிறதோ அதுவே தமக்கும் போதும் என்பது அவர் முடிவு. டாக்டர் அம்பேத்கரோ கோட்டும் டையும் அணிந்தே பொதுவாழ்வில் நின்றார். இன்று ஊர்தோறும் உள்ள சிலைகளிலும் அப்படியே நிற்கிறார். ஒருவர் கழற்றினார், ஒருவர் அணிந்தார். முரண்பாடா? இல்லை. அணிவதற்கு உரிமை உள்ளவர் துறப்பதில் பொருள் உண்டு. அணியாதே என்று தலைமுறை தலைமுறையாகத் தடுக்கப்பட்டவர் அணிவதில்தான் பொருள் உண்டு. ஆடையின் பொருள் துணியிலே இல்லை. உடுத்துபவர் எங்கிருந்து புறப்பட்டு வந்து நிற்கிறார் என்பதிலே இருக்கிறது.

இதை மறந்துவிட்டவர்கள்தாம் நிறுவனங்களிலே ‘எளிமை’ பேசுகிறார்கள். ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் கழுத்தை மூடிய கறுப்பு மேலாடையையும் ஜீன்சையும் தம் அடையாளமாக்கினார். பேஸ்புக் நிறுவனத்தின் மார்க் சக்கர்பர்க் சாம்பல் நிற டி-சர்ட்டை நெடுங்காலம் விடாது அணிந்தார். ‘கோடிக்கு அதிபதி, எவ்வளவு எளிமை!’ என்று உலகம் வியந்தது. வியக்கட்டும். ஆனால், நம் ஊர் அலுவலகம் ஒன்றின் வாயிற்காவலர் அதே டி-சர்ட்டை மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்தால் என்ன சொல்வார்கள்? முதலாளி அணிந்தால் பெருந்தன்மை. தொழிலாளி அணிந்தால் ஒழுங்கீனம்! உடையிலே எளிமை காட்டுவதற்கும் முதலில் உயரத்தில் நிற்க வேண்டியிருக்கிறது.

ஆகவே, குடும்பத்திலேயே முதன்முதலாக அலுவலகப் படி ஏறியவன், குழுப்படத்துக்குக் கோட்டு அணிந்து வந்து நின்றால், “இவனுக்கு எதற்கு இந்த ஆடம்பரம்?” என்று நகைக்காதீர்கள். படம் அவனுடைய ஊருக்குப் போகும். திண்ணையிலே அமர்ந்து அவன் தாய் அதைப் பத்துப் பேருக்குக் காட்டுவாள். அந்தப் பத்துப் பேரில் ஒருவர், ஒருகாலத்தில் அவனுடைய பாட்டனைத் தோள்துண்டை இடுப்பிலே கட்டச் சொன்னவரின் பேரனாக இருக்கக்கூடும். அந்தக் கோட்டு ஆடம்பரமன்று, பதில்.

“அப்படியானால் எல்லோருக்கும் ஒரே சீருடை கொடுத்துவிட்டால் தீர்ந்ததே!” என்பர் சிலர். சீருடையைப் பற்றிப் பேச ஆசிரியர்களாகிய நமக்குச் சற்று உரிமை உண்டு. நாள்தோறும் அதன் முன்தான் நிற்கிறோம். காமராசர் ஆட்சிக் காலத்தில் மதிய உணவோடு சீருடையும் பள்ளிக்கு வந்தது. பின்வந்த ஆட்சிகள் அதை விரிவாக்கின. நற்செயல், ஐயமில்லை. பண்ணையார் மகனும் பண்ணையாள் மகனும் ஒரே நிறத்தில் அமரும்போது, ஆசிரியரின் கண் முதலில் முகத்தைப் பார்க்கிறது, துணியைப் பார்ப்பதில்லை. ஆயினும், காலர் தேய்ந்த சட்டையும், அண்ணன் போட்டுத் தம்பிக்கு வந்த சட்டையும், ஒற்றைச் சீருடையை இரவில் துவைத்து ஈரம் காயாமல் உடுத்திவந்த பிள்ளையும் நம் கண்ணுக்குத் தப்புவதில்லை. சீருடை ஏழ்மையை ஒழிப்பதில்லை. ஏழ்மையைச் சுட்டிக்காட்டும் விரலை மடக்குகிறது. அவ்வளவுதான், ஆனால், அதுவும் பெரிதுதான்.

அந்த நன்மை எதனால் விளைகிறது? இரண்டு காரணங்களால். ஒன்று, சீருடையை அரசே தருகிறது. இல்லாதவன் வீட்டுப் பெட்டியைத் துழாவ வைப்பதில்லை. இரண்டு, வகுப்பிலே உள்ள அனைவருக்கும் அதே விதி. இந்த இரண்டும் நிறுவனத்தில் உண்டா என்று பாருங்கள். பெரிய துணிக்கடையின் படத்தைப் பாருங்கள். விற்பனைப் பெண்கள் நாற்பது பேர் ஒரே நிறச் சேலையில், பூத்த தோட்டம்போல் நிற்கிறார்கள். நடுவிலே நாற்காலியில் முதலாளி, தாம் விரும்பிய பட்டுச் சட்டையில். கீழே உள்ளவருக்குச் சீருடை, மேலே உள்ளவருக்கு விருப்ப உடை! நாள் முழுதும் நின்று துணி விரித்துக் காட்டும் அந்தப் பெண்கள் இடையிடையே உட்காருவதற்கு ஓர் இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு சட்டமே திருத்த வேண்டியிருந்தது. ஒரே நிறச் சேலையைத் தர நினைவிருந்த கடைகளுக்கு, ஒரு முக்காலியைத் தரச் சட்டம் நினைவூட்ட வேண்டியிருந்தது!

“சரி, விதியே வேண்டாம், அவரவர் விருப்பம்போல் வரட்டும்” என்பர் வேறு சிலர். கேட்க இனிக்கிறது. ஆனால், எழுதிய விதி போனால் எழுதாத விதி வந்து அமர்ந்துகொள்கிறது. ஐ.பி.எம். நிறுவனத்திலே வெள்ளைச் சட்டையும் கருநிறக் கோட்டும் நெடுங்காலம் மரபாக இருந்தன. 1993ஆம் ஆண்டு தலைமைப் பொறுப்பேற்ற லூ கெர்ஸ்ட்னர், முதல் கூட்டத்திற்கு நீலச் சட்டை அணிந்து போனார். மற்ற அனைவரும் வெள்ளை. சில வாரங்கள் கழித்து அதே குழு மீண்டும் கூடியது. அவர் வெள்ளைச் சட்டையில் போனார். மற்றவர்கள் வண்ணச் சட்டைகளில் வந்திருந்தார்கள்! யாரும் உத்தரவிடவில்லை, யாரும் கேட்கவில்லை. தலைவரின் தோளைப் பார்த்துத் தம் சட்டையைத் தேர்ந்தெடுத்தார்கள். 1995இல் அந்நிறுவனத்தின் உடை விதியை அவர் நீக்கினார். விதியைத் தாளில் இருந்து நீக்கலாம்; மனத்தில் இருந்து நீக்குவது எளிதா? படம் எடுக்கும் நாளில், ‘விருப்பம்போல் வாருங்கள்’ என்ற அறிவிப்பைப் படித்துவிட்டு, ‘மேலாளர் என்ன உடுத்துவார்?’ என்று ஒருவருக்கொருவர் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளும் காட்சி நமக்குப் புதிதா?

இனி மூன்றாவது குரல் ஒன்று வரும். ‘பண்பாடு’ என்ற பட்டுப் போர்வை போர்த்திக்கொண்டு வரும். “ஆண்கள் கால்சட்டை அணியட்டும், பெண்கள் சேலையில்தான் வரவேண்டும், அதுதான் நம் பண்பாடு” என்று அது பேசும். ஆண் வேட்டியைக் கழற்றிக் கால்சட்டைக்கு மாறியபோது கெடாத பண்பாடு, பெண் சுடிதார் அணிந்தால் மட்டும் கெட்டுப்போவது எப்படி? பண்பாட்டுச் சுமையைத் தூக்கப் பெண்ணின் தோள் மட்டும்தானா கிடைத்தது?

வேட்டிக்கு இழிவு நேர்ந்தபோது நாடே கொதித்ததை மறக்கவேண்டாம். 2014ஆம் ஆண்டு சூலையில், சென்னைச் சேப்பாக்கத்திலுள்ள கிரிக்கெட் சங்க மன்றத்தில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டி அணிந்து சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் உள்ளே விடப்படவில்லை. வெள்ளையன் போய் அறுபத்தேழு ஆண்டுகள் ஆகியும் அவன் விட்டுச்சென்ற உடை விதி வாயிலிலே காவல் நின்றது! அடுத்த திங்களே சட்டமன்றம் சட்டம் இயற்றியது. வேட்டி அணிந்தவரைத் தடுக்கும் மன்றங்களுக்குத் தண்டனை உண்டு என்றது. வரவேற்போம். ஆனால், அதன் அடியிலுள்ள அறம் வேட்டிக்கு மட்டும் உரியதா? தகுந்த உடையில் வந்த மனிதரை, அந்த உடை எனக்குப் பழக்கமில்லை என்பதற்காக நிறுத்திவைக்காதே என்பதுதானே அந்த அறம்? அது சுடிதார் அணிந்த பெண்ணுக்கும் உரியது. 2019ஆம் ஆண்டு தலைமைச் செயலகப் பணியாளருக்கான உடை ஆணையே சேலையோடு சுடிதாரையும் ஏற்றுக்கொண்ட பிறகு, ஒரு குழுப்படத்துக்குச் சேலைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பானேன்?

இங்கே, நம்மைப் போன்ற பகுத்தறிவாளர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கடினமான கேள்வி ஒன்று உண்டு. குழுவிலே ஒருவர் தலைப்பாகை அணிந்திருக்கிறார். ஒருவர் முக்காடு அணிந்திருக்கிறார். ஒருவர் நெற்றியில் நீறு பூசியிருக்கிறார். படத்தில் மதக் குறி வேண்டாம் என்பதற்காக, அவற்றை நீக்கிவிட்டு வா என்று சொல்லலாமா? சொல்லக்கூடாது என்பதே நம் முடிவு. நம்பிக்கையை வாதத்தால் வெல்லலாம். வலுக்கட்டாயத்தால் வெல்ல முயன்றால், பெண்ணின் தோளில் இருந்த துணியைக் கிழித்தவர்களின் வரிசையில் நாமும் போய் நிற்போம். அன்று ‘போடாதே’ என்று இழுத்த கைக்கும், இன்று ‘கழற்று’ என்று இழுக்கும் கைக்கும் என்ன வேற்றுமை? தனி மனிதர் தம் உடம்பில் அணிவது அவர் உரிமை. நிறுவனம் எல்லோர் உடம்பிலும் ஒரு மதத்தின் குறியை ஏற்றுவதுதான் தவறு. பூசை நாளில் எல்லோர் நெற்றியிலும் பொட்டு வைத்து நிறுத்திப் படம் எடுத்து, இதுதான் எங்கள் குழு என்று காட்டினால், அதை மறுத்துப் பேசவேண்டியது நம் கடமை. முன்னது சுதந்திரம், பின்னது திணிப்பு. இரண்டையும் பிரித்தறியத் தெரியாவிட்டால் பகுத்தறிவு என்ற பெயர் எதற்கு?

பிறகு, நிறம். சட்டையின் நிறத்தைச் சொல்லவில்லை. தோலின் நிறத்தைச் சொல்கிறோம். “நீ கறுப்பு, உனக்கு மஞ்சள் எடுக்காது; பின்வரிசையில் நில்” என்ற பேச்சைக் கேட்டுத் தலை குனிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! குறை யாருடையது? ஒளிப்பட வரலாறு அதற்கு விடை சொல்கிறது. வண்ணப் படச்சுருள் பரவிய காலத்தில், நிறம் சரியாக விழுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்குக் கோடாக் நிறுவனம் ஒரு மாதிரிப் படத்தை அனுப்பியது. ‘ஷெர்லி அட்டை’ என்று பெயர் பெற்ற அந்தப் படத்தில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். அவர் முகம் அழகாக விழுந்தால் போதும் என்று எல்லாம் அளவிடப்பட்டன. கறுத்த முகங்கள் இருண்டு போயின. பின்னர்ப் படச்சுருள் திருந்தியதற்கு ஒரு காரணம் என்ன தெரியுமா? சாக்லேட் விற்போரும் மரச்சாமான் விற்போரும், தங்கள் சரக்கின் பழுப்பு நிறம் படத்தில் சரியாக வரவில்லை என்று முறையிட்டார்கள். மனிதன் முகத்துக்காக மாறாதது, மேசையின் முகத்துக்காக மாறியது!

ஆகவே, கறுத்த முகம் படத்தில் தெளிவாக விழவில்லையென்றால், குறை முகத்தில் இல்லை. வெளிச்சத்தை வைத்தவரிடம் இருக்கிறது. நெருக்கமான மெல்லிய கோடு போட்ட சட்டை வேண்டாம், காமிராவில் அலையலையாகத் தெரியும் என்று படக்காரர் சொன்னால், அது சோதித்துப் பார்க்கக்கூடிய காரணம், ஏற்கலாம். பளபளக்கும் துணி வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் என்றால், அதுவும் காரணம்; ஏற்கலாம். ‘கறுத்தவருக்கு இந்த நிறம் கூடாது’ என்றால், அது காரணமன்று, பழைய நோய்.

இறுதியாக, படத்தின் ஓரத்துக்கு வருவோம். 1978ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள், அமெரிக்காவின் அல்புகர்க்கி நகரில், மைக்ரோசாப்ட் என்ற சின்னஞ்சிறு நிறுவனம் ஒரு குழுப்படம் எடுத்துக்கொண்டது. பதினொரு பேர், நீண்ட தலைமுடியும் தாடியுமாக, அவரவர் கையில் கிடைத்த உடையில். பின்னாளில் உலகறிந்த படமாயிற்று. ஆனால், அலுவலகத்தை நிருவகித்த மிரியம் லூபோ என்ற பெண்மணி அதில் இல்லை. அன்று பனி கடுமையாகப் பெய்ததால் அவரால் வந்து சேர முடியவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 2008இல், அக்குழுவினர் மீண்டும் கூடிப் படம் எடுத்தபோது அவரும் அமர்ந்தார். விடுபட்டவருக்கு ஓர் இடம் உண்டு என்று முப்பது ஆண்டு கழித்தேனும் நினைவு கூர்ந்தார்கள்.

நம் ஊரில் பனி பெய்வதில்லை. ஆனாலும் படத்தில் இல்லாதவர்கள் எத்தனை பேர்! காலை ஆறு மணிக்கே வந்து தரையைத் துடைத்தவர் இல்லை. கழிவறையைக் கழுவியவர் இல்லை. இரவெல்லாம் விழித்த காவலர் இல்லை. பள்ளிப் படமென்றால் சத்துணவு சமைத்தவர் இல்லை. “அவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள், நம் குழு அல்லர்” என்று விடை வரும். ஆண்டில் ஒரே ஒரு நாள் சீருடை அணிந்தவர்கள் நடுவிலே நின்று சிரிக்கிறார்கள்; ஆண்டு முழுதும் சீருடை அணிந்தவர்கள் காமிராவின் பின்னால், வாளியோடு, ‘எப்போது முடியும்?’ என்று காத்திருக்கிறார்கள். ஒரே நிறம் என்று பெருமை பேசும் படத்திலே, உண்மையான சீருடைக்காரர்களுக்கு இடமில்லை! இதைவிடப் பெரிய பொய்யை எந்தத் துணியால் மூடமுடியும்?

“என்ன செய்வது? நாங்கள் வேலைக்கு வந்தவர்கள், எதிர்த்துப் பேசினால் வேலை போய்விடுமே” என்று இளைஞர்கள் கேட்பது நமக்குக் கேட்கிறது. அச்சம் நியாயமானது, அடுப்பெரிய வேண்டுமல்லவா? எனவே கொடி பிடிக்கச் சொல்லவில்லை. இரண்டு பேராகச் சேர்ந்து சென்று, பணிவோடு சில கேள்விகள் கேளுங்கள். ‘நீலச் சட்டை வேண்டுமென்றால், நிறுவனமே வாங்கித் தருமா? இல்லையென்றால், இருப்பதில் நல்லதை அணிந்து வரலாமா?’ ‘மேலாளரும் அதே நிறத்தில் வருவாரா?’ ‘சேலைதான் வேண்டும் என்பதற்குக் காரணம் என்ன?’ ‘துப்புரவுத் தோழர்களை எத்தனை மணிக்கு அழைப்பது?’ இந்தக் கேள்விகளுக்காக யாரையும் வேலையைவிட்டு நீக்குவது எளிதன்று. விடை சொல்லாமல் நழுவுவதும் எளிதன்று.

இன்னொன்றும் செய்யலாம்; அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. உம்மிடம் மூன்று நீலச் சட்டை இருந்து, பக்கத்து மேசைத் தோழரிடம் ஒன்றும் இல்லையென்றால், நீரும் வேறு நிறத்தில் போய் நில்லும். வரிசையிலே ஒருவர் மட்டும் நிறம் மாறி நின்றால், அவர்மேல் எல்லோர் கண்ணும் பாயும். இருவர் நின்றால், கண் குழம்பும். ஐவர் நின்றால், அந்த விதியே செத்துப்போகும்.

படம் பல ஆண்டுகள் சுவரில் தொங்கும். துணி நைந்து குப்பைக்குப் போன பிறகும் அது இருக்கும். நாளை அதைப் பார்க்கும் பிள்ளைகள் சட்டையின் நிறத்தைப் பார்க்கமாட்டார்கள். “ஓரத்தில் வாளியோடு நிற்கிறாரே, அவர் யார்?” என்று கேட்பார்கள். அவர் பெயரைச் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.